வரிசையில் நின்றவர்கள்

சென்ற மாதம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "மதுவிலக்கு பத்தி உங்க பத்திரிகையோட நிலைப்பாடு என்ன தோழர்? வேணுமா, வேணாமா?" முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூட்டம் முடிந்ததும் எந்த பாருக்குப் போவது என்று அதற்குள்ளேயே பேசி முடித்திருந்தோம். அவருக்கு அது தெரியாது. தெரிந்துதான் கேட்டாரோ என்னவோ. ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது தலையங்கமாக எழுதுகிறேன். பதில் சொல்ல 2020க்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. குடிப்பவனைப் பற்றி இந்தச் சமூகம் உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பதைக் கொஞ்சமும் ஒளிக்காமல் வெளியே கொட்டிய வருஷம் அது.

நான் வங்கியில் எழுத்தர். 2020 மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு. ஏப்ரல் 3ஆம் தேதி முதல் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் என மூன்று மாதத்துக்கு மத்திய அரசு போட்டது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யம், ஒன்று என்றால் முதல் நாள், இரண்டு, மூன்று என்றால் அடுத்த நாள் என்று முறை வைத்தார்கள். எங்கள் கிளைக்கு வெளியே சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராகப் பெண்கள் நின்றார்கள். பாதிப்பேருக்குக் கடைசி இலக்கம் எதுவென்று தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பாஸ் புத்தகத்தை நீட்டி, "எனுக்கு இன்னிக்கா நாளைக்கா சார்?" என்று கேட்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சேரிப் பெண்கள். என் சித்தியும் அந்த வரிசையில் நின்றாள். எனக்குத் தெரிந்தவள் என்று முன்னால் வரவில்லை. வெயிலில் நின்று, முறை வந்ததும் கவுன்டருக்கு வந்து, "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் இன்னொரு வரிசையைப் பார்த்தேன். மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாகத் தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். குவார்ட்டருக்குப் பத்து ரூபாயும், உயர்ந்த சரக்குக்கு இருபது ரூபாயும் ஏற்றினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் காலையில், நாற்பதுக்கு மேல் மதியம், இளைஞர்கள் மாலையில் என்று வயதுக்கு முறை வைத்தார்கள். ஆதார் அட்டை கேட்டார்கள். அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய்க்கு விற்றது. மறுநாள் காலை கடை மேற்பார்வையாளர் பணப்பையோடு வந்தபோது கேஷ் கவுன்டரில் நான்தான் இருந்தேன். கையுறை போட்டு எண்ணினேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் வேர்வையில் நமத்துப் போயிருந்தன. அதில் எத்தனை தாள் நான் ஏப்ரலில் கொடுத்த தாளோ என்ற நினைப்பு வந்தது. எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணினேன்.

இரண்டு வரிசையும் ஒரே வீடுகளிலிருந்து வந்த வரிசை. முதல் வரிசைக்குத் தொலைக்காட்சி 'பயனாளிகள்' என்று பெயர் வைத்தது. இரண்டாவது வரிசைக்கு வழக்கமான கிண்டல் பெயர், 'குடிமகன்கள்'. பின்னணியில் சினிமா பாட்டு. முகத்தை நெருக்கத்தில் காட்டினார்கள். 'இவனுக்கெல்லாம் ரேஷன்ல எதுக்கு ஆயிரம் ரூபா?', 'அரிசி வாங்கக் காசில்ல, குடிக்க மட்டும் காசு எங்கேர்ந்து வருது?', 'டாஸ்மாக்ல ஆதார் குடுத்தவனுக்கு ரேஷனை நிறுத்தணும்.' எங்கள் கிளையிலேயே படித்த, ஊதியம் வாங்குகிற, சங்கத்தில் இருக்கிற ஊழியர்கள் சாப்பாட்டு வேளையில் பேசியதுதான் இதெல்லாம். பேசியவர்களில் இரண்டு பேர் வீட்டு அலமாரியில் ராணுவ கேன்டீன் சரக்கு ஊரடங்கு முழுக்கத் தீராமல் இருந்தது. அவர்கள் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. அவர்களை யாரும் படம் எடுக்கவும் இல்லை. குடித்தது அந்த இழிவுக்குக் காரணமில்லை. தெருவில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி நின்று வாங்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

என் சித்தப்பா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சாக்கடை அடைத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனிதரை மலக்குழியில் இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த விஷயம் அவருக்குத் தெரியும். கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும். "உள்ள போட்டுக்காம எறங்க முடியாதுப்பா. அந்த நாத்தம் போதையிலதான் தெரியாது" என்பார். முப்பது வருஷப் பழக்கம். மார்ச் 22 சாயங்காலம் தட்டைத் தட்டினார்கள். ஏப்ரலில் அவர் கழுத்தில் சாமந்தி மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாலையை வாங்கிக்கொண்டு வந்தபோதே அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. 24ஆம் தேதி மாலை கடையை மூடினார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊறுது, எறும்பு ஊறுது என்று கத்தினார். இழுப்பு வந்தது. கொரோனா என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். காத்தடிச்சிருக்கு என்றாள் ஆயா. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்ததும், "தெனம் குடிப்பாரா? எத்தினி நாளா நிறுத்தியிருக்காரு?" என்று கேட்டு, உடனே வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த ஒரு கேள்வியால் பிழைத்தார்.

நெடுநாள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், இழுப்பு, இல்லாததைப் பார்ப்பது, நினைவு தப்புவது எல்லாம் சில நாட்களுக்குள் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் சாகவும் சாகலாம். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்து, பி1 வைட்டமின், கவனிப்பு இருந்தால் காப்பாற்றிவிடலாம். அரிதான மருத்துவம் இல்லை. ஆனாலும் கடையை மூடிய அரசு, மூடினால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று பேர் சவரம் செய்தபின் பூசும் திரவத்தைக் குடித்துச் செத்தார்கள். செங்கல்பட்டில் வார்னிஷ் குடித்தார்கள். ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் ஜூலை மாதம் சானிடைசர் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். கேரள அரசு மார்ச் 30ஆம் தேதி மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவு போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மூன்றே நாளில் உயர்நீதிமன்றம் தடை போட்டது. அந்த உத்தரவு சரியா தப்பா என்பது தனி விவாதம். குடிநோயாளி என்று ஒருவன் இருக்கிறான் என்றாவது அந்த உத்தரவுக்குத் தெரிந்திருந்தது. இங்கே அவன் செய்தியில் வந்தது பிணமாகத்தான். அதற்கும் கீழே சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்தார்கள்.

இதை எழுதிக்கொண்டு போகும்போது எனக்கே ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது. குடிக்கிற ஆண் பாவம், சமூகம் கொடுமை என்று முடித்துவிடலாம். என் சித்தி முடிக்க விடமாட்டாள். அவள் சொன்னது இது: "அந்த மனுசன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம், கடை தொறக்குற வரைக்கும், நான் கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து பாக்காத நாளுப்பா அது. கஞ்சிதான் குடிச்சோம். ஆனா ராத்திரில கதவு தட்டுற சத்தத்துக்கு நெஞ்சு அடிச்சுக்கல. பொண்ணு வெளக்கு வெச்சிப் படிச்சுது. அவுரு அதும் பக்கத்துல ஒக்காந்து இன்னா படிக்கிறன்னு கேட்டாரு. இருவது வருசத்துல மொத தபா."

மார்ச் 24 மாலையிலிருந்து மே 7 காலை வரை நாற்பத்து நான்கு நாள். மே 7ஆம் தேதி பல ஊர்களில் பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்து மறித்தார்கள். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றத்துக்கு ஓடி மே 15ஆம் தேதி தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம். தொற்றுக் காலத்தில் இத்தனை வேகமாக நடந்த வேறு அரசு வேலையை நான் பார்க்கவில்லை.

ஆனால் பாரைத் திறக்கவில்லை. இதைப் பற்றி யாருமே பேசவில்லை. மார்ச் 17இல் மூடிய பார்கள் டிசம்பர் கடைசியில்தான் திறந்தன. ஒன்பது மாதம். சரக்கு உண்டு, உட்கார்ந்து குடிக்க இடம் கிடையாது. அப்போ எங்கே போய்க் குடிப்பான்? ஏரிக்கரையில், சுடுகாட்டில், போலீஸ் துரத்தினால் வீட்டில். மாடி வீட்டுக்காரனுக்கு வீட்டில் குடிப்பது ஒரு பொருட்டல்ல. அவனுக்குத் தனி அறை இருக்கிறது. தொகுப்பு வீட்டில் ஒரே அறை. சமைப்பது, படிப்பது, பிள்ளை தூங்குவது எல்லாம் அங்கேதான். பார் மூடியதற்குச் சேரியில் என்ன அர்த்தம் என்றால், வீடே பாராகிவிட்டது என்று அர்த்தம். சித்தி மே மாதத்துக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சித்தப்பா டோக்கனோடு நின்ற படம் ஒரு செய்தித் துணுக்கில் ஓடியது. முகக்கவசம் தாடைக்குக் கீழே, கையில் நீல டோக்கன். அவர் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அது அவள் அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். இணையவழி வகுப்பு விவரம் எல்லாம் அந்தக் குழுவில்தான் வரும். இரண்டு மாதம் வகுப்பு எதுவென்றே தெரியாமல் இருந்தாள். "மாலை போட்ட படத்தையும் எங்க தெருவுல எடுத்தாங்களே அண்ணே, அதை ஒருத்தரும் குழுவுல போடல" என்றாள்.

இப்போது என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு மூன்று நண்பர்கள், மூவரும் சாதி இந்துக்கள். சம்பளத்தன்று பாருக்குப் போவோம். ஒரே தட்டில் சுண்டல் எடுப்போம். ஒருவன் மீதி வைத்ததை இன்னொருவன் குடிப்பான். சாதி ஒழிந்த இடம் என்று அதை வைத்து ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். டீக்கடையில் இரட்டைக் குவளை, பாரில் ஒற்றைக் குவளை என்று. பார்கள் மூடிய அடுத்த வாரங்களில், மூன்று பேரும் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் வைத்த நிலைப்படம் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டேன். "ஒண்ணுமில்லடா, வீட்ல அம்மா இருக்காங்க, ஊரடங்கு வேற" என்றான். மூன்று பேர் கூடினால் பரவாத நோய் நாலாவது ஆளால் பரவுமா? எட்டு வருஷத்தில் அவர்களில் ஒருவர் வீட்டுக் கூடத்தைக்கூட நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாரில் குவளை ஏன் ஒன்றாக இருந்தது? அது குடித்ததும் தூக்கிப்போடுகிற குவளை. கழுவி வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டிய குவளை இல்லை. சாதி பாருக்கு வெளியே செருப்பைப் போலக் கழன்று கிடந்தது. திரும்பும்போது அவர்கள் மாட்டிக்கொண்டு போனார்கள். கவிதையை நான் கிழிக்கவில்லை. அது பொய்க் கவிதை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

கட்சிகள் நடத்திய கூத்தையும் சொல்லிவிடுவோம். 2020 மே 7இல் தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளும் கறுப்புச் சின்னம் அணிந்து வீட்டு வாசலில் நின்று கடை திறப்பை எதிர்த்தன. 2021 மே மாதம் அதே தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இரண்டாம் அலையில் மூடிய கடைகளை 2021 ஜூன் 14இல் 27 மாவட்டங்களில் திறந்தது. இந்த முறை எதிர்த்து வாசலில் நின்றது பா.ஜ.க. கடை அதே கடை, வாசலில் நிற்கிறவர்கள் மாறினார்கள். டாஸ்மாக் வருவாய் 2019–20இல் 33,133 கோடி. கடை பல வாரம் மூடிக்கிடந்து, சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்காமல், பார்கள் ஒன்பது மாதம் அடைத்துக் கிடந்த 2020–21இல் 33,811 கோடி. தொற்றில் அரசுக்கு ஒரு பைசா நட்டமில்லை. நட்டப்பட்டது பாரில் தட்டுக் கழுவிய, பாட்டில் பொறுக்கிய பையன்கள்தான். டாஸ்மாக் ஊழியருக்காவது தொகுப்பூதியம் என்று ஒன்று உண்டு. பார் ஏலம் எடுத்தவனிடம் வேலை பார்த்தவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

குடி விஷயத்தில் நமக்கு உபதேசம் செய்வது புதிதல்ல. 1937இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும், நம்மைத் திருத்தி மேலே தூக்குவதாகத்தான் சொன்னார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கை வழிகாட்டு நெறியாகச் சேர்க்கும் திருத்தம் வந்தது. இன்றைய 47ஆம் பிரிவு அதுதான். அப்போது ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் எழுந்து, எங்கள் வழிபாட்டிலும் உழைப்பிலும் கலந்த பானத்தை எங்களைக் கேட்காமல் எப்படித் தடுப்பீர்கள் என்ற பொருளில் எதிர்த்துப் பேசினார். யாருடைய ஒழுக்கம், யார் தீர்மானிப்பது என்ற அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் தொண்ணூறுகளில் தலித் பண்பாடு பற்றிய விவாதங்களில் மாட்டிறைச்சியோடு சேர்த்துக் குடியையும் கலகம் என்று சிலர் எழுதினார்கள். நானும் மாணவனாக அதைப் படித்துச் சிலிர்த்தவன். மாட்டிறைச்சி நம் உணவு, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் குவார்ட்டர்? 2003இலிருந்து சில்லறை விற்பனையை முழுக்க அரசே வைத்துக்கொண்டு, முதலாளிகளின் ஆலையில் வடித்து, வரி போட்டு விற்கிற சரக்கைக் குடிப்பதில் என்ன கலகம்? இன்னொரு மரபும் நமக்கு இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை முன்வைத்துக் குடியை எதிர்த்தார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கர் தந்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதை அவர் அடுத்தவனைக் கேவலப்படுத்தச் சொல்லவில்லை. நான் எவனுக்கும் கீழானவன் இல்லை என்று நிமிர்ந்து நிற்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல் அது. அவர்களுடைய மதுவிலக்கு தீட்டிலிருந்து வருகிறது, நம்முடையது தன்மானத்திலிருந்து வர வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள், கூலிகள். 'சாராயம் குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' என்று மறுபடி ஆரம்பித்தார்கள். 2020இல் 'ரேஷனை நிறுத்து' என்றார்களே, அதே குரல். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அந்தக் குரல் மாறுவதில்லை.

ஆகவே மாணவத் தோழரே, எங்கள் பதில் இது. மதுக்கடையை மூட வேண்டும், படிப்படியாக, தேதி குறித்து மூட வேண்டும். குடியிருப்புக்குப் பக்கத்துக் கடையை எடுக்க அந்தத் தெருப் பெண்கள் சொன்னால் போதும் என்று சட்டம் வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் குடிநோய்ச் சிகிச்சைக்குப் படுக்கையும் மருந்தும் ஆளும் வேண்டும். அது இல்லாத மதுவிலக்கு 2020 மார்ச்சைப் போல ஏழையைச் சாகடிக்கும். குழிக்குள் மனிதனை இறக்குவது நிற்க வேண்டும். இறக்கிக்கொண்டே 'குடிக்காதே' என்று சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை. கடையும் பாரும் போனால் வேலையிழக்கிறவர்களுக்கு, பாட்டில் பொறுக்குகிற பையன் உட்பட, வேறு வேலை வேண்டும்.

இது அரசிடம் கேட்பது. நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. நம் கூட்டங்கள் ஏன் பாரில் முடிகின்றன? முக்கியமான முடிவுகளைக் கூட்டத்தில் எடுக்காமல் அங்கே போய் எடுக்கிறோம். பெண் தோழர்கள் ஏழு மணிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதற்கப்புறம் நடக்கிற அரசியலில் அவர்களுக்குப் பங்கில்லை. 'நம்ம இயக்கத்துல பெண்கள் வர்றதில்லையே' என்று நாம் அங்கே உட்கார்ந்துதான் வருத்தப்படுகிறோம்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து நாங்கள் போகவில்லை என்று எழுதினால் அது பொய். போனோம். நான் ஒரு சோடாவோடு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிப் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, அது ஒரு நாள் கணக்குதான். ஆனால் இந்த இதழிலிருந்து எங்கள் ஆசிரியர் குழுக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சேரியில் இருக்கிற இரவுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கும். டீ உண்டு. குவளையை முறை வைத்து நாங்களே கழுவுகிறோம்.

அடுத்த இதழின் நடுப்பக்கங்களைப் பெண்களுக்கு விட்டிருக்கிறோம். 2020இல் கடை மூடியிருந்த அந்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது, திறந்த பிறகு என்ன நடந்தது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். மாணவர்கள் தங்கள் அம்மாவிடம், அத்தையிடம், சித்தியிடம் கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதி வாருங்கள். திருத்தாமல் போடுவோம். என் சித்தி சொல்லாமல் விட்ட மாதங்களைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப்போகிறேன். கேட்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தோழமையுடன்.